சூப்பர்சார்ஜர் காரை வீட்டிலேயே மேம்படுத்த: சின்ன புல்லிக்கு முன் தெரிய வேண்டியவை

செகண்ட் ஹாண்டில் ஒரு மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸரோ ஜாகுவாரோ வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தியதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "சின்ன புல்லி போட்டால் எவ்வளவு பவர் ஏறும்?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. சூப்பர்சார்ஜர் வண்டியில் காற்றைக் கூட்டுவது சுலபம். ஒரு புல்லி (பெல்ட்டு ஓடும் சக்கரம்), ஒரு பெல்ட்டு, அரைநாள் வேலை. அந்தக் காற்றோடு கூடவே வரும் சூட்டை என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெயிலும் ஈரமும் கடல் உப்பும் சேர்ந்த குமரி மாவட்டத்தில் அதை முதலில் சரிசெய்துவிட்டுப் புல்லிக்குப் போனால் காசும் மிச்சம், இன்ஜினும் மிச்சம்.

உள்ளே என்ன நடக்கிறது

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே போகிறது. அதைத் தள்ளுவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே, ஏறத்தாழ 1 பார். சூப்பர்சார்ஜர் என்பது அந்தக் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிற ஒரு பம்பு. டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் சைலன்சருக்குப் போகிற புகையால் சுழல்கிறது. சூப்பர்சார்ஜரை, இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாப்டிலிருந்து வரும் பெல்ட்டு சுழற்றுகிறது. அதனால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதுமே இழுவை கிடைக்கும். அதைச் சுழற்றுவதற்கு இன்ஜினே கொஞ்சம் பவரைச் செலவழிக்க வேண்டும், அதுதான் கொடுக்கும் விலை.

சி 200 கம்ப்ரஸரின் 1.8 லிட்டர் இன்ஜினில் இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் ரூட்ஸ் வகை. இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றை அள்ளித் தள்ளும். ஆடி 3.0 டி.எப்.எஸ்.ஐ., ஜாகுவார் லேண்ட் ரோவரின் 3.0 லிட்டர் வி6 இரண்டிலும் ஈட்டனின் அடுத்த தலைமுறை யூனிட், வி வடிவ இன்ஜினின் நடுவில் உட்கார்ந்திருக்கும். இவற்றில் ஒரு பைபாஸ் வால்வும் உண்டு. மெதுவாக ஓட்டும்போது அது திறந்து, தள்ளிய காற்றைத் திரும்ப உள்ளேயே சுற்றவிடும். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் பூஸ்ட், அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறும் கூடுதல் அழுத்தம், வராது. மூடியபடி சிக்கினால் சும்மா ஓட்டும்போதும் 'ஊஊ' என்ற சத்தம் கூடும், மைலேஜ் இறங்கும். "சூப்பர்சார்ஜர் போச்சு" என்று கழற்றப்படும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வால்வைத்தான்.

இப்போது புல்லிக் கணக்கு. கிராங்க் புல்லி 150 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 75 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2. இன்ஜின் 6,000 சுற்றில் ஓடினால் சூப்பர்சார்ஜர் 12,000 சுற்று. 75-ஐ எடுத்துவிட்டு 68 மி.மீ. போட்டால் விகிதம் 2.2, சுற்று 13,200-ஐத் தாண்டும். ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் காற்று. முன்பு 0.6 பார் பூஸ்ட் இருந்தால் இப்போது 0.75-க்குப் பக்கத்தில் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். இங்கேயும் அதே சங்கதிதான், அளவுதான் பெரிது. 35 டிகிரி வெளிக்காற்றை 0.6 பாருக்கு அமுக்கினால், ரூட்ஸ் வகையின் திறனை 55 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று சுமார் 115 டிகிரி. 0.75 பாருக்கு அமுக்கினால் 130-ஐத் தாண்டும். சூடான காற்று விரிந்திருக்கும், அதே சிலிண்டருக்குள் குறைவான ஆக்சிஜன்தான் போகும். 115 டிகிரி காற்றை 55-க்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட 18 சதவீதம் அடர்த்தி கூடுகிறது. புல்லி தந்த 10 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சூட்டின் இரண்டாவது தொல்லை நாக்கிங். ஸ்பார்க் வந்து எரிய ஆரம்பித்த பிறகு, மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூடு தாங்காமல் தானாக வெடிப்பது. இன்ஜின் கம்ப்யூட்டர் நாக் சென்சார் மூலம் அதைக் கேட்டதும் ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பவர் குறையும். 'புல்லி மாத்தினேன், ஒண்ணும் தெரியல' என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: காற்றைக் கூட்டினார், சூடு கூடியது, கம்ப்யூட்டர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

ஈரக்காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் காற்றில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவி. அந்த அளவு ஆக்சிஜன் குறைவு. ஆனால் அதே ஈரம் நாக்கிங்கைக் கொஞ்சம் அடக்கவும் செய்யும். குளச்சலில் ஓட்டிப் பார்த்ததையும் பணகுடி தாண்டி வறண்ட காற்றில் ஓட்டிப் பார்த்ததையும் ஒப்பிட்டுப் 'பார்ட் வேலை செய்யுது' என்று முடிவு கட்டாதீர்கள்.

முதலில் வண்டி நலமா?

வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வருஷத்துக்கு ஒரு மாதம் ஓட்டி, மீதி நாள் ஷெட்டில் நிற்கும் வண்டிகள் நம் பக்கம் விற்பனைக்கு வருவதுண்டு. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும். பெல்ட்டில் வெடிப்பு, டாங்கில் பழைய பெட்ரோல், இன்ஜின் மூடிக்கு அடியில் எலி கடித்த வயர். இவை மூன்றையும் கிலோமீட்டர் சொல்லாது. பானெட்டைத் திறந்து, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள்.

சி 200-இன் அந்த 1.8 லிட்டர் இன்ஜினுக்கு (எம் 271 என்பது அதன் குறியீடு) இரண்டு பலவீனங்கள் ஊரறிந்தவை. ஒன்று, கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பகுதி) ஆவியை வெளியேற்றும் ரப்பர் பிரீதர் ஹோஸ்கள். சூட்டில் வெந்து, மடிப்புகளில் பிளக்கும். ஐடிலிங்கில் இன்ஜின் சுற்று ஏறி இறங்கும், செக் இன்ஜின் விளக்கு வரும். இன்னொன்று டைமிங் செயின் நீள்வதும் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் அட்ஜஸ்டரின் பற்கள் தேய்வதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றிரண்டு நொடி 'கடகட' என்று கேட்டால் புல்லிப் பேச்சையே நிறுத்திவிட்டுச் செயினைப் பாருங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ஓ.பி.டி. புளூடூத் டாங்கிளும் போனில் ஒரு ஆப்பும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அதில் மூன்று எண்களைப் பழகிக்கொண்டால் போதும். உட்காற்று வெப்பம், அதாவது ஐ.ஏ.டி. நீண்டகால பியூயல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்பது. இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம். ட்ரிம் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டிக் கூட்டலில் நின்றால், எங்கோ அளக்காத காற்று உள்ளே போகிறது.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கருவியை ஹார்டுவேர் கடைப் பொருளிலேயே செய்துவிடலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மீட்டருக்கு அடுத்து வரும் குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ற பி.வி.சி. மூடி ஒன்று, அதில் துளைபோட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்று. ஏர் மீட்டரைக் கழற்றி எடுத்துவிட்டு மூடியைக் குழாயில் செருகி ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். டயருக்கு அடிக்கும் சின்ன கம்ப்ரஸரால் 0.3 பார் மட்டும் ஏற்றுங்கள், அதாவது 4 அல்லது 5 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போனால் கிராங்க் ஆயில் சீல் பிதுங்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். நுரை கட்டும் இடம் ஓட்டை. சைலன்சர் வழியாக மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கிளிப் இறுக்கி, கிழிந்த ஹோஸை மாற்றிய பிறகு ட்ரிம் இறங்குகிறதா பாருங்கள். இந்த வேலைக்குப் பிறகே 'வண்டி புதுசு மாதிரி இழுக்குது' என்று நிறைய பேர் நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்திக்கொள்வதிலும் தப்பில்லை.

சூட்டை வெளியேற்றும் வேலை

அமுக்கிய காற்றைக் குளிர வைக்கும் உறுப்பு இன்டர்கூலர். சி 200-இல் அது முன்பக்கம் நேரடியாகக் காற்று வாங்குகிற வகை. ஆடி, ஜாகுவார் போன்றவற்றில் தண்ணீர் வகை: சூப்பர்சார்ஜருக்குப் பக்கத்திலேயே இன்டர்கூலர், அதற்குள் ஓடும் கூலன்டைக் குளிர வைக்க முன்னால் தனி ரேடியேட்டர், சுற்ற வைக்கத் தனி மின்சாரப் பம்பு.

காற்று வகைக்குச் செலவே இல்லாத வைத்தியம் முதலில். முன் பம்பரைக் கழற்றினால் இன்டர்கூலர் தகடுகளுக்கிடையே பூச்சி, தூசி, கடலோர வண்டியென்றால் வெள்ளை உப்புப் பொடியும் இருக்கும். குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடும் வேகத்தில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அலுமினியத் தகடு ஒரே நொடியில் மடிந்துவிடும். அடுத்து, கிரில்லுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் தடுப்புகளையும் பஞ்சுப் பட்டைகளையும் பாருங்கள். ஒருமுறை முன்பக்கம் இடித்துச் சரிசெய்த வண்டியில் இவை பாதி இருக்காது. காற்றுக்குச் சோம்பல் அதிகம். தடுப்பு இல்லாவிட்டால் இன்டர்கூலருக்குள் புகாமல் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும்.

தண்ணீர் வகையில் முதல் சந்தேகம் பம்பின் மேல்தான் இருக்க வேண்டும். அது நின்றுவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியாத வண்டிகளும் உண்டு. இன்ஜின் சூடு முள் சரியாகவே நிற்கும், பவர் மட்டும் காணாமல் போகும். ஓட்டி வந்து நிறுத்திய கையோடு முன்னாலுள்ள அந்தச் சின்ன ரேடியேட்டரின் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட, மற்றது சற்றுக் குறைவாகச் சுட வேண்டும். ஒன்று கொதித்து மற்றது பச்சைத் தண்ணீர் போல இருந்தால் உள்ளே ஓட்டமே இல்லை.

கூலன்ட் மாற்றும்போது கிணற்றுத் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ ஒரு டம்ளர்கூடச் சேர்க்காதீர்கள். கடலோர ஊர்களில் அந்தத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. இன்டர்கூலரின் மெல்லிய குழாய்களில் படிந்துவிட்டால் கழுவி எடுக்க முடியாது. தயாரிப்பாளர் சொன்ன வகை கான்சென்ட்ரேட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஊற்றியபின் காற்றை வெளியேற்றுவதுதான் பலர் சொதப்பும் இடம். முன்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, மூடியைத் திறந்து வைத்து, இக்னிஷனை மட்டும் போட்டுப் பம்பை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சில மாடல்களில் டயக்னோஸ்டிக் கருவியால்தான் பம்பை இயக்க முடியும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

எல்லாம் சரியென்றால், சீராக 60, 70 கி.மீ. வேகத்தில் போகும்போது ஐ.ஏ.டி. வெளி வெப்பத்தைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக இருக்கும். மார்த்தாண்டம் கடைவீதியில் ஊர்ந்தால் அது ஏறத்தான் செய்யும். ஆனால் திறந்த ரோட்டுக்கு வந்து சில நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் பெரிய இன்டர்கூலரோ பெரிய முன் ரேடியேட்டரோ வாங்க அர்த்தம் இருக்கிறது. அதற்கு முன்பு இல்லை.

ஏர் பில்டர் பற்றி இரண்டே வார்த்தை. பானெட்டுக்குள் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் கோன் பில்டர் சத்தம் கொடுக்கும், கூடவே இன்ஜின் அறையின் சூட்டுக்காற்றையும் குடிக்கும். போட்டால் மூடிய பெட்டியோடு போடுங்கள். எண்ணெய் தடவும் பருத்தி பில்டரில் எண்ணெய் மிகுந்தால் ஏர் மீட்டரின் கம்பியில் ஒட்டி அளவைக் கெடுக்கும். காற்றுக் குழாயின் வாயை பம்பருக்கு அடியில் இறக்கும் கிட்டுகளை நம் மாவட்டத்தில் தவிர்ப்பதே புத்தி. ஆனி ஆடிச் சாரல் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஒரு தடவை என்று இரண்டு மழைக்காலம் நமக்கு. தேங்கிய தண்ணீரை இன்ஜின் ஒரு மடக்கு குடித்தாலே கனெக்டிங் ராடு வளையும்.

பிளக்கும் பெட்ரோலும்

பூஸ்டைக் கூட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் பிளக் வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷ் பிளக்கில் எண் குறைந்தால் குளிர்ச்சி. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து தலைகீழாகப் போட்டவர்கள் உண்டு. இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குக் குறைக்கலாம், அழுத்தம் கூடிய காற்றில் ஸ்பார்க் அணைந்துபோவது அப்போது குறையும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அலுமினியத் தலையில் 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள பிளக் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20. முதல் பல சுற்றுகளைக் கையாலேயே சுற்றுங்கள்.

பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் தயாரிப்பாளர் கேட்கும் ஆக்டேன் எண் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) ஒட்டியிருக்கும். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 95, சிலதில் 98. பாரத் ஸ்டேஜ் 6 தரப்படி சாதாரணப் பெட்ரோலின் குறைந்தபட்ச எண் 91, பிரீமியத்துக்கு 95. ஆக, எதையும் மாற்றாத ஸ்டாக் நிலையிலேயே பிரீமியம் தேவைப்படும் வண்டி இது. எத்தனால் கலப்பு நாக்கிங்கைக் குறைக்க உதவும். ஆனால் அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் தெளிக்க வேண்டியிருக்கும். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7 (ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று) என்றால் 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5. இன்ஜெக்டர்கள் ஏற்கெனவே 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வேலை செய்தால் புல்லிக்கு இடமே இல்லை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியின் டாங்கைப் பாதியில் விடாதீர்கள்.

புல்லி

மேலே சொன்னதெல்லாம் முடிந்திருந்தால் இப்போது புல்லிக்கு வரலாம். வேலை நடக்கும் தரையைப் பாருங்கள். இன்டர்லாக் கல் பதித்த முற்றத்தில் ஜாக் ஸ்டாண்டின் கால் கல்லை அமுக்கிச் சாயும். 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை அடியில் வைக்காமல் வண்டிக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். ஜாக் மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பெல்ட்டு எந்த உருளையின் மேலே, எதன் கீழே போகிறது என்று இரண்டு கோணத்தில் போட்டோ எடுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை ஸ்பானரால் தளர்த்திப் பெல்ட்டை எடுத்ததும், ஒவ்வொரு உருளையையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, மறுபடி இதே வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். சூப்பர்சார்ஜர் புல்லியையும் கையால் சுற்றுங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும்.

புல்லி ஷாப்டில் அழுத்திப் பொருத்தியதா, போல்ட்டால் பிடித்ததா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அழுத்திப் பொருத்தியது என்றால் அதற்கான புல்லர்தான் வேண்டும். சுத்தியலால் தட்டினாலோ லீவர் போட்டு நெம்பினாலோ அந்த அடி முழுவதும் உள்ளிருக்கும் பேரிங்குக்குப் போகும். ரோட்டர்களுக்கிடையே இருக்கும் இடைவெளி மயிரிழை. பேரிங் தளர்ந்தால் இரண்டும் உரசும், அலுமினியப் பொடி நேராக இன்ஜினுக்குள் போகும். கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்தில் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் பழைய புல்லியையே கடைந்து சின்னதாக்கித் தரச் சொல்லாதீர்கள். பள்ளங்களின் ஆழமும் இடைவெளியும் பெல்ட்டோடு ஒத்துப்போக வேண்டும் (இந்த வகைப் பெல்ட்டில் வரிக்கு வரி 3.56 மி.மீ.). 13,000 சுற்றில் ஓடும் பொருளுக்கு பேலன்ஸ் பார்த்திருக்க வேண்டும்.

பெல்ட்டின் நீளமும் மாறும். புல்லி 7 மி.மீ. சிறிதாகி, பெல்ட்டு அதை அரை வட்டம் தழுவுகிறது என்றால் குறைக்க வேண்டியது சுமார் 11 மி.மீ. பழைய பெல்ட்டின் முதுகில் 6 பி.கே. 1870 என்று இருந்தால் ஆறு வரி, 1870 மி.மீ. நீளம் என்று பொருள். 1860 தேடுங்கள். பழைய பெல்ட்டையே போட்டால் டென்ஷனர் கடைசி எல்லைக்குப் போய்விடும், அதிக சுற்றில் பெல்ட்டு வழுக்கும். கீச்சென்ற சத்தமும், சுற்று ஏறஏற இறங்கும் பூஸ்டும், கறுப்புத் தூளும் அதன் அடையாளம். பெல்ட்டுக்கு ஸ்பிரே அடித்துச் சத்தத்தை நிறுத்துவது ஏமாற்று வேலை.

சூப்பர்சார்ஜர் யூனிட்டைக் கையில் எடுக்கும் சந்தர்ப்பம் வந்தால் மூக்குப் பகுதியிலுள்ள (புல்லி இருக்கும் முனை) அதன் தனி ஆயிலையும் மாற்றிவிடுங்கள். 100, 150 மில்லியைச் சுற்றித்தான் பிடிக்கும், சரியான அளவை உங்கள் மாடலுக்கான கையேட்டில் பாருங்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும், அது இயல்பு. இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. சூப்பர்சார்ஜருக்கென்றே வரும் ஆயில்தான்.

புல்லி மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் மென்பொருளைத் தொடாமல் ஓட்டலாமா? சிறிய மாற்றத்துக்கு ஏர் மீட்டர் உள்ள இன்ஜின்கள் ஓரளவு சமாளிக்கும். ஆனால் முழு பூஸ்டில் பெட்ரோல் போதுமான அளவு விழுகிறதா என்று, காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் தெரியாது. வண்டியில் இருக்கும் சாதாரண சென்சாரின் கணக்கு அந்த இடத்தில் உதவாது. வைட்பேண்ட் காட்டும் லாம்டா (1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான கணக்கு, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) 0.80 முதல் 0.88-க்குள் நிற்க வேண்டும். 0.9-ஐத் தாண்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைக் காவல்கிணறு நாற்கரச் சாலையில் செய்யும் ஆசை வரும். வேண்டாம், டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் உருளை மேடை) உள்ள ஊருக்குப் போய் ட்யூனரிடம் செய்யுங்கள்.

நிற்பதற்கும் வழி வேண்டும்

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். பேச்சிப்பாறைப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் காரணம் இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கணக்கை நம் ஈரக்காற்றில் ஒரு வருடமாக வைத்துக்கொள்ளுங்கள். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்கவே கூடாது.

அழகு வேலை

சக்கரத்தில் ஆரம்பிப்போம். 205/55 ஆர்16-இன் மொத்த விட்டம் 632 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634, 225/40 ஆர்18 போட்டால் 637. மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கம் என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மாறுவது டயரின் பக்கச் சுவர்: 113 மி.மீ. இருந்தது 18 அங்குலத்தில் 90 ஆகிறது. மழை முடிந்த நம் ஊர்ச் சாலைகளுக்கு 17 போதும் என்பதே எங்கள் கட்சி. மெர்சிடிஸின் நடுத்துளை 66.6 மி.மீ., புது அலாய் அதைவிடப் பெரிதாக இருந்தால் சென்டர் ரிங் போட வேண்டும், இல்லையென்றால் 80 கி.மீ.யில் ஸ்டியரிங் நடுங்கும். போல்ட்டின் தலைக்கு அடிப்பகுதியைப் பாருங்கள். மெர்சிடிஸின் சொந்த போல்ட்டு உருண்டையாக உட்காரும், வெளி அலாய்கள் பலவற்றில் கூம்பு. மாற்றிப் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரிந்து ஓட்டத்தில் தளரும். மாடலைப் பொறுத்து 110 முதல் 130 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை.

டிக்கி மேல் ஒட்டும் சின்ன லிப் ஸ்பாய்லருக்குத் துளை போடாதீர்கள். துளை போட்ட இடத்தில் உப்புக்காற்று முதல் மழையிலேயே துருவைத் தொடங்கும். நல்ல அக்ரிலிக் போம் இரட்டைப் பக்க டேப் போதும். பாகத்தை வைத்துப் பார்த்து, இரு முனையிலும் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வையுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மெழுகுப் பாலிஷ் போட்ட வண்டி என்றால் இரண்டு தடவை. ஒட்டும் பரப்பு 21 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நடு மத்தியானம் வெயிலில் நின்ற கறுப்பு டிக்கியில் கை வைக்க முடியாது, அதில் ஒட்டினால் அது நிற்கவும் செய்யாது. காலை நேரம், நிழல். டேப்பின் தோலை இரு முனையிலும் கொஞ்சம் மட்டும் உரித்து வெளியே மடித்து வைத்து, பாகத்தை இடத்தில் உட்கார வைத்த பிறகு மீதியை இழுத்தெடுங்கள். பிறகு முழு நீளமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம், அதுவரை வாட்டர் வாஷ் கிடையாது. பெரிய இறக்கை மாதிரி விங்குகளுக்கு இந்த டேப் போதாது. முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஒருமுறை ஓட்டினால் ஏன் என்று தெரிந்துவிடும்.

சட்டமும் கொஞ்சம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு பிலிமை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடுத்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத ஒளியும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத ஒளியும் ஊடுருவ வேண்டும் என்பது விதி. வண்டியின் நிறத்தையே மாற்றும் ராப் போட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்துக் குழாய் வைப்பது எந்தக் கணக்கிலும் வராது, புகைச் சான்றிதழும் கிடைக்காது. களியக்காவிளை தாண்டி அடிக்கடி திருவனந்தபுரம் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கட்டும், அந்தப் பக்கம் சோதனை கறார். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக முன் பம்பரும் கிரில்லும். 'ஏ.எம்.ஜி. லுக்' (ஏ.எம்.ஜி. என்பது மெர்சிடிஸின் அதிவேக வண்டிப் பிரிவு) என்று விற்கப்படும் பல பம்பர்களில் காற்றுத் துளை மாதிரி தெரிவது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக், பின்னால் அடைத்திருக்கும். நம்பர் பிளேட்டை இன்டர்கூலருக்கு நேரே இறக்கிப் பொருத்தும் வேலையும் நடக்கிறது. புது பம்பர் போடும் முன்பும் பின்பும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் ஓட்டி ஐ.ஏ.டி.யைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் பம்பரைக் கழற்றி, அந்தப் போலித் துளைகளின் பின்பக்கத்தை ஹாக்சா பிளேடால் அறுத்துத் திறந்து, பூச்சி உள்ளே போகாமல் இருக்கக் கம்பிவலை வைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.